ஞாயிறு விவாதக் கூட்டம்: பேச்சுரிமைக்கு எல்லை எது?

பெருமாள்புரம் குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு மாலை 5 மணி, சங்கக் கட்டட மாடி.

1. பேசுவோர் வெள்ளி இரவு 9-க்குள் பெயர் தரவும். ஆளுக்கு 6 நிமிடம். ஐந்தாவதில் மணி அடிக்கும்.

2. அரசியலமைப்பின் 19(2) பிரிவைப் படித்து வரவும். பேச்சுரிமைக் கட்டுப்பாட்டுக்கு அதில் எட்டுக் காரணங்கள்தான்: இறையாண்மை-ஒருமைப்பாடு, நாட்டுப் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம்-ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். "எனக்குப் பிடிக்கல" என்பது அதில் கிடையாது. விவாதம் தடம் மாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

3. 2015-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை (இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கியது) ரத்து செய்த உச்ச நீதிமன்றம், பேச்சை விவாதிப்பது, ஆதரித்து வாதாடுவது, தூண்டுவது என மூன்றாகப் பிரித்தது. முதல் இரண்டும் எவ்வளவு கசந்தாலும் உரிமை; தூண்டுதலாக மாறும்போதுதான் சட்டம் குறுக்கே வரலாம். உங்கள் உதாரணம் இதில் எந்த வகை என்று சொல்லிவிட்டுப் பேசவும்.

4. கருத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மறுக்கலாம். சாதி, மதம் சொல்லி ஆளைத் தாக்கினால் மைக் வாங்கப்படும். (நம்ம மாவட்டத்தில் இதற்கு விளக்கம் வேண்டாம்.)

5. எதிர்த்தரப்பு பேசும்போது எழுந்து போக வேண்டாம்.

வருவோர் "வருகிறேன், இத்தனை பேர்" என்று பதில் போடவும். நாற்காலியும் டீயும் சொல்லணும். வெறும் கைகூப்பு எமோஜி கணக்கில் வராது.