மஸ்ட் வேறு, ஷுட் வேறு

லீட்ஸ், இங்கிலாந்து,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அம்மா போனில் சொன்னாள். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடுவது உன் பொறுப்பு. இங்கே குளிர் குறைந்திருக்கிறது, மழை குறையவில்லை.

மருத்துவத் துறையினருக்கான ஓஇடி ஆங்கிலப் பரீட்சைக்காகப் பன்னிரண்டு டென்ஸ் அட்டவணையை உருப்போடுவதாக எழுதியிருந்தாய். சரி, போடு. ஆனால் இங்கே வந்த பிறகு என் மண்டையைக் குடைந்தது அந்த அட்டவணை இல்லை. மஸ்ட், ஷுட், மே, மைட், குட் என்று வினைச்சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் மாடல் வெர்ப் என்கிற துணைவினைகள்தான்.

வார்டில் மூத்த நர்ஸ் யாரும் "இதைச் செய்" என்பதில்லை. "யூ மைட் வாண்ட் டு செக் ஹிஸ் பிளட் பிரஷர்" என்பார்கள். நம் காதுக்கு, தோன்றினால் பார் என்பதுபோலக் கேட்கும். உடனே போய்ப் பார்த்துவிட்டு வா என்றுதான் அர்த்தம். "யூ டோன்ட் ஹாவ் டு ஸ்டே" என்றால் இருக்கத் தேவையில்லை, இருந்தாலும் பரவாயில்லை. "யூ மஸ்ட்ன்ட் ஸ்டே" என்றால் இருக்கவே கூடாது. மஸ்டும் ஹாவ் டுவும் ஒன்றுதான் என்று பள்ளியில் படித்தோமே, நாட் சேர்ந்தவுடன் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகின்றன.

அதே மஸ்ட் ஊகத்துக்கும் வரும். குறிப்பேட்டில் "ஷி ஃபெல்" என்று இருந்தால் பாட்டி விழுந்தது உறுதி. "ஷி மஸ்ட் ஹாவ் ஃபாலன்" என்றால் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை, விழுந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். நாமும் 'வேண்டும்' போட்டே ஊகம் சொல்வதால் இது நமக்குச் சுலபம்.

டென்ஸில் நம்மவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. "2019-ல் டெல்லி போயிருக்கிறேன்" என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். அதை அப்படியே "ஐ ஹாவ் பீன் டு டெல்லி இன் 2019" என்றால் இவர்கள் நெற்றியைச் சுருக்குவார்கள். நடந்து முடிந்த வருஷத்தைச் சொல்லிவிட்டால் "ஐ வென்ட்"தான். வருஷத்தைச் சொல்லாவிட்டால் "ஐ ஹாவ் பீன்" சரி. எதிர்காலத்துக்கு அவ்வளவு பயப்படாதே. "நாளைக்கு ஊருக்குப் போகிறேன்" என்று நாம் சொல்வதுபோல இவர்களும் "ஐ ஆம் ஒர்க்கிங் டுமாரோ" என்கிறார்கள். வில் என்பதே ஒரு துணைவினைதான், ஆங்கிலத்துக்கு எதிர்கால டென்ஸே கிடையாது என்று வாதிடும் இலக்கணக்காரர்களும் உண்டு. இதைப் பரீட்சையில் எழுதிவைக்காதே!

இப்போது கார் ஓட்டப் படிக்கிறேன். நம் ஊர் லைசென்ஸ் இங்கே குடிவந்து 12 மாதம் வரைதான் செல்லும். எழுத்துத் தேர்வில் 50 கேள்விக்கு 43 சரியாக இருக்க வேண்டும். அதற்காக ஹைவே கோட் என்ற சாலை விதிப் புத்தகத்தைப் படித்தால், அதுவே மாடல் வெர்ப் பாடம்தான். பெரிய எழுத்தில் மஸ்ட் என்று இருந்தால் சட்டம், மீறினால் குற்றம். ஷுட் என்றால் அறிவுரை. மீறினதற்காக மட்டும் வழக்குப் போட மாட்டார்கள், ஆனால் விபத்து ஏதாவது ஆகிக் கோர்ட்டுக்குப் போனால் அதை உனக்கு எதிராகக் காட்டலாம். ஜீப்ரா கிராஸிங் விதியைக் கேள்: ஓரத்தில் ஒருவர் காத்து நின்றால் நீ வழிவிடுவது ஷுட். அவர் கோட்டின் மேல் கால் வைத்துவிட்டால் மஸ்ட். 2022-ல் மாற்றி எழுதிய பிறகு இப்படி இருக்கிறது. ஒரு அடி தூரத்தில் அறிவுரை சட்டமாகிவிடுகிறது பார்!

உன் பேச்சுத் தேர்வில் நோயாளியோடு பேசுகிற மாதிரி இரண்டு உரையாடல் வரும். ஊசி போடும் முன் "யூ வில் ஃபீல் பெயின்" என்று மிரட்டாதே. "யூ மே ஃபீல் எ லிட்டில் ஸ்டிங்" என்று சொல்லிப் பழகு. அத்தை மகளை நோயாளியாக உட்காரவைத்து வாய்விட்டுப் பேசிப் பார். அவள் சிரித்தால் சிரிக்கட்டும்.

பரீட்சைத் தேதி முடிவானதும் எழுது, பணம் அனுப்புகிறேன். அம்மாவிடம் பருப்புப் பொடி கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா