செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: குறுகிய காலத் தங்கும் இல்லம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பெற்றோர்களே, உடன்பிறந்தோரே, வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். குழுக் கூட்டங்களும் சந்தா வசூலும் வழக்கம்போல் நடந்தன. ஆகவே இந்த அறிக்கை பெரும்பாலும் கடலூரில் நாம் நடத்தும் நான்கு கட்டில் இல்லத்தைப் பற்றியது. 18 வயது கடந்த, அறிவுசார் குறைபாடுள்ள நம் பிள்ளைகள் ஓர் இரவு முதல் இரண்டு வாரம் வரை தங்கும் இடம் அது. இல்லத்தைப் பார்க்க வருகிறவர்கள் டைல்ஸையும் தோட்டத்தையும் பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போகிறார்கள். பிள்ளையை ஒப்படைக்கும் அந்த முதல் ஒரு மணி நேரத்தையும், இரவில் விழித்திருக்கும் ஆளையும் பார்த்துத்தான் தரத்தை மதிப்பிட வேண்டும் என்பது குழுவின் கருத்து.

ஒப்படைப்பில் முதலில் மருந்து. ஜிப்மரிலோ கடலூர் அரசு மருத்துவமனையிலோ வாங்கிய மாத்திரைகளைப் பிரித்துக் காகித உறையில் போட்டு, "காலையில வெள்ளை, ராத்திரி ரோஸ்" என்று சொல்லிக் கொடுப்பது இன்னும் தொடர்கிறது. உறையில் மருந்தின் பெயரும் இருக்காது, மில்லிகிராமும் இருக்காது. இனி ஸ்ட்ரிப்பும் மருந்துச் சீட்டும் இல்லாமல் சேர்க்கை கிடையாது. அறிவுசார் குறைபாடுள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு நோயும் உண்டு. அவர்களுக்கு ஒரு வேளை மாத்திரை தவறினாலே வலிப்பு வரக்கூடும். வலிப்பு மருந்தான சோடியம் வால்புரோயேட்டில் சாதாரண மாத்திரையும், மெல்லக் கரையும் சிஆர் மாத்திரையும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. சிஆர் மாத்திரையைப் பொடித்துச் சோற்றில் பிசைந்தால், நாள் முழுக்கச் சிறிது சிறிதாக இறங்க வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். விழுங்க முடியாதவருக்கு சிரப்பாக எழுதித் தரும்படி மருத்துவரிடமே கேளுங்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள பலர் தைராய்டு குறைவுக்கான தைராக்ஸின் மாத்திரை எடுக்கிறார்கள். அதை வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி நேரமாவது முன்பு கொடுக்க வேண்டும். காபியோடு சேர்த்துக் கொடுத்தால் உடல் அதைச் சரியாக ஏற்காது.

வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது சுவரில் எழுதி ஒட்டப்பட்டுள்ளது. கடிகாரத்தைப் பார், ஒருக்களித்துப் படுக்கவை, வாயில் எதையும் திணிக்காதே, ஐந்து நிமிடம் தாண்டினால் 108. இரும்புச் சாவியைக் கையில் கொடுப்பது பழைய பணியாளர்களிடமிருந்துகூட இன்னும் முழுதாக ஒழியவில்லை.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மூச்சுத்திணறல் ஆபத்து நாம் எதிர்பாராத பண்டங்களில்தான் இருக்கிறது. நெஞ்சுக்கு இதம் என்று நாம் கொடுக்கும் ரசம் சாதத்தில் நீர் ஒரு வேகத்திலும் பருக்கை ஒரு வேகத்திலும் தொண்டைக்குள் போகின்றன. விழுங்கும் தசைகள் தளர்ந்தவருக்கு நீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் கரகரத்த குரல், அடிக்கடி நெஞ்சுச் சளி ஆகியவை இதன் அடையாளங்கள். உதிர்ந்த புட்டு, காய்ந்த இட்லி, முறுக்கு, வேர்க்கடலை ஆகியவையும் அவர்களுக்கு ஆகாதவை. குழைய மசித்த தயிர் சாதம் பொதுவாக நல்லது. நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு கரண்டியால், ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடக்கூடாது. அவசரப்படும் பணியாளர்தான் இங்கே பெரிய ஆபத்து. ஆகவே ஊட்ட வேண்டிய இருவருக்கு ஒரே ஆள் என்ற ஏற்பாடு நீக்கப்பட்டது.

மலச்சிக்கல் யாரும் பேச விரும்பாத விஷயம். இடம் மாறினால், கழிவறை மாறினால் பலர் அடக்கிக்கொள்கிறார்கள். சில மனநல மருந்துகளும் குடலை மந்தமாக்குகின்றன. மூன்றாம் நாள் வரை மலம் கழியவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தலையை முட்டிக்கொள்வது, திடீரென்று அடிப்பது, சாப்பிட மறுப்பது ஆகியவற்றை "இந்தப் பிள்ளைங்க அப்படித்தான்" என்று எழுதிவிடுவது எளிது. பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், மாதவிலக்கு வலி என்ற வரிசையில் பார்த்து, நான்கும் இல்லை என்ற பிறகே நடத்தைப் பிரச்சினை என்று ஏட்டில் எழுதலாம். அமைதிப்படுத்த மருத்துவர் எழுதாத மாத்திரை கொடுப்பதும், அறையைப் பூட்டுவதும் நம் இல்லத்தில் பணிநீக்கத்துக்குரியவை.

குளியலுக்கு வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகே வெந்நீர். சூட்டைச் சொல்லத் தெரியாதவரின் தோல் வெந்துபோவது வரிசை மாறும்போதுதான்.

புதிதாக வருபவரை நேராக ஒரு வாரத்துக்கு விட வேண்டாம். மாலைக் காபிக்கு வரட்டும், பிறகு அரை நாள், பிறகு ஓர் இரவு. அவருடைய தலையணை உறையும் தட்டும் கூடவே வரட்டும். குக்கர் விசிலுக்கு அலறுபவரா, இருட்டில் எழுந்து நடப்பவரா, சிறுநீர் வந்தால் எப்படிக் காட்டுவார் என்பதெல்லாம் ஒரே பக்கத் தாளில் இருந்தால் போதும். பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்தால் யாரும் படிப்பதில்லை. கிளம்பும்போது அவரிடமே, படம் காட்டியாவது, பிடித்ததா என்று கேட்கிறோம்.

கட்டில் நெருக்கடி முகூர்த்த மாதங்களில்தான். ஆவணியிலும் தையிலும் முன்பதிவு முட்டி மோதுகிறது. ஆயினும் ஒரு கட்டில் எப்போதும் காலியாகவே இருக்கும். எழுபது வயது அம்மா வழுக்கி விழுந்தால் முன்பதிவு செய்துவிட்டா விழுவார்? வீண் செலவு என்ற ஆட்சேபத்தைக் குழு ஏற்கவில்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததும், அதன்பின் தென்பெண்ணை பெருகி ஊர்களுக்குள் புகுந்ததும் எல்லோரும் அறிந்ததே. சாலை அறுந்தால் பெற்றோரால் அழைத்துப் போக முடியாது. அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தங்கும் நாட்களுக்கு மேல் ஐந்து நாள் மருந்து கூடுதலாகத் தர வேண்டும். சிவப்பு எச்சரிக்கை நாளில் புதிய சேர்க்கை இல்லை.

சட்டப் பக்கம் சுருக்கமாக. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி பதிவுச் சான்று இல்லாமல் இல்லம் நடத்தக்கூடாது. வேறு எங்கே விட்டாலும் சான்றைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு 18 ஆனபின் பெற்றோர் தாமாகவே சட்டப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. தேவையானவர்கள் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். புதுச்சேரிக் குடும்பங்கள் அங்குள்ள குழுவையே அணுக வேண்டும். தேசிய அறக்கட்டளையின் மருத்துவக் காப்பீடான நிராமயா ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. புதுப்பிக்கும் தேதி கைநழுவிவிடுவதே அதில் வழக்கமான தொல்லை.

இப்போது இரவில் ஒருவர் விழித்திருக்கிறார், ஒருவர் படுத்திருக்கிறார். பெண்கள் தங்கும் இரவில் விழித்திருப்பவர் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்பது விதி. ஒருவருக்கு வலிப்பு வரும் நேரத்திலேயே இன்னொருவர் எழுந்து நடந்தால் ஓர் ஆள் போதாது. இரண்டாவது ஆளும் விழித்திருக்க வேண்டுமானால் நாள் கட்டணம் உயரும். தீர்மானம் தனித் தாளில் உங்கள் கையில் இருக்கிறது. தேநீர் இடைவேளைக்குப் பின் வாக்கெடுப்பு.

செயலாளர்