நீண்டகரைக்கு வந்த நாட்டிலிருந்து

ட்ரோம்சோ, நார்வே
பிப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நான் நலம். அம்மாவின் மூட்டு வலி எப்படி இருக்கிறது? நவம்பர் கடைசியில் மறைந்த சூரியன் ஜனவரி பாதிக்கு மேல்தான் இங்கே தலைகாட்டியது. இனி நாளுக்கு நாள் வெளிச்சம் கூடும். அம்மா கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இவ்வளவு தூரத்து நாட்டுக்கும் நமக்கும் என்ன ஒட்டு என்று போனில் கேட்டீர்கள். தூதரக உறவு 1947 முதல் இருக்கிறது. ஆனால் அது கடற்கரைக்கு வந்தது 1952 அக்டோபரில், இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் டெல்லியில் செய்துகொண்ட மீன்பிடி வளர்ச்சி ஒப்பந்தத்தால்தான். மறு ஆண்டு கொல்லத்துக்கு அருகே நீண்டகரையிலும் சக்திகுளங்கரையிலும் வேலை தொடங்கியது. இன்று குமரி மாவட்டத்தில் இருக்கும் நம் சின்னத்துறையும் கேரளத்தில் இருக்கும் நீண்டகரையும் அப்போது ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. நார்வே வேறொரு நாட்டில் நடத்திய முதல் வளர்ச்சித் திட்டமே அதுதான். ஐந்தாண்டு ஜெர்மானியர் பிடியில் கிடந்த நாடு இது. 1944இல் பின்வாங்கிய படை வடகோடி ஊர்களை எரித்துவிட்டுப் போனது. சொந்த வீட்டையே திரும்பக் கட்டிக்கொண்டிருந்த மக்கள் நமக்காகப் பணம் திரட்டியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது, அப்பா.

இயந்திரப் படகு, ஐஸ் ஆலை, படகு கட்டும் தளம், மருத்துவ நிலையம், குடிநீர் எல்லாம் அந்தத் திட்டத்தில் வந்தன. நீங்கள் கொச்சியிலிருந்து சுறாவுக்கும் கேரை மீனுக்கும் ஆழ்கடல் போன விசைப்படகுகளுக்கு முன்னோடி அங்கே இருக்கிறது. பிறகு இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறியது; கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலை பெருகியது; கையில் முதல் உள்ளவன் படகு வாங்கினான். கட்டுமரக்காரர்களின் வலைகள் அறுந்தன, கடலிலேயே சண்டை நடந்தது. தாத்தா சொல்லிச் சொல்லி ஆத்திரப்பட்டது நினைவிருக்கிறது. உதவி செய்தவர்களின் மனதில் நான் குறை காணவில்லை. ஆனாலும் தாத்தாவின் ஆத்திரத்திலும் நியாயம் இருந்தது.

இங்கு வந்த பிறகுதான் இன்னொன்றைத் தெரிந்துகொண்டேன். இதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நார்வே மீனவர்களும் ஒரு காலத்தில் வியாபாரி சொன்ன விலைக்கே மீனைக் கொடுத்தவர்கள்தான். 1938இல் ஒரு சட்டம் வந்தது. கரைக்கு வரும் மீனின் முதல் விற்பனை, மீனவர்களே சேர்ந்து நடத்தும் விற்பனை அமைப்பின் வழியாகத்தான் நடக்க வேண்டும். வாங்குபவர்களோடு பேசிப் பார்ப்பார்கள். ஒத்துவராவிட்டால் குறைந்தபட்ச விலையை அந்த அமைப்பே முடிவு செய்யும். வடபகுதிக்கான அமைப்பின் தலைமையகம் இதே ஊரில்தான் இருக்கிறது. இது காட் மீன் காலம். நான் வேலை பார்க்கும் மீன் இறங்குதளத்தில் சின்னப் படகுக்காரர்கூட எடையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து நிற்கிறார். விலைக்காக யாரிடமும் கெஞ்சுவதில்லை. படகோடும் ஐஸோடும் இந்தச் சட்டத்தையும் நாம் அன்றே கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

நட்பு இப்போதும் வளர்கிறது. வடதுருவத்துக்கு அருகே நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 2008 முதல் நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இயங்குகிறது. நார்வே, சுவிட்சர்லாந்து, ஐஸ்லாந்து, லிக்டென்ஸ்டைன் நாடுகளோடு 2024 மார்ச்சில் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பதினைந்து ஆண்டுகளில் அந்நாடுகளிலிருந்து இந்தியாவுக்கு 10,000 கோடி டாலர் முதலீடு என்பது இலக்கு. அதில் ஒரு பங்கு கடலுக்கு வருமானால், இம்முறை மீனவனிடம் கேட்டுவிட்டு வர வேண்டும். நம் கோவிலின் பங்குப் பேரவைக் கூட்டத்தில் இந்த 1938 சட்டத்தைப் பற்றி நீங்கள் பேசுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

உங்கள் மீன் கரையில் ஏலம் போன விலை, தரகு பிடித்தது, கைக்கு வந்தது மூன்றையும் ஒரு வாரத்துக்குத் தம்பியைக் குறித்து அனுப்பச் சொல்லுங்கள். இங்குள்ள விலைப்பட்டியலோடு சேர்த்து நம் சங்கத்துக்கு விரிவாக எழுதித் தருகிறேன்.

அன்பு மகள்