பழிவாங்கும் நாயகிக்கு ஒரு தொழில் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழ்ப் படங்களில் நாயகன் பழிவாங்க நிலம், நட்பு, மானம், அண்ணன் என எதுவும் காரணமாகலாம். நாயகிக்கு மட்டும் பாலியல் வன்முறை நடக்க வேண்டும், இல்லையேல் கணவனோ குழந்தையோ சாக வேண்டும். ‘சாணிக் காயிதம்’ (2022) நாயகி போலீஸ்காரர். அவருக்கும் இரண்டும் சேர்ந்தே வந்தன.

பெரிய கோளாறு கேமரா வைக்கும் இடத்தில். வன்முறையைத் தாக்குபவனின் கண் மட்டத்திலிருந்து எடுத்தால் பார்வையாளர் நிற்பது அவன் பக்கம்தான். பிறகு எத்தனை தலை உருண்டாலும் அது மாறாது. பாதிக்கப்படுபவள் முகத்தருகே, அல்லது மூடிய கதவுக்கு வெளியே, கேமரா அரை நிமிடம் நின்றால் போதும். இதை எடிட்டிங்கில் சரிக்கட்ட முடியாது. காட்சியை ஷாட்களாகப் பிரித்துத் திட்டமிடும்போதே முடிவெடுக்க வேண்டும்.

அடுத்தது திறமை. நேற்று அழுதவள் இன்று நான்கு பேரை வெட்டுகிறாள். நம்பவைக்க உடுக்கைச் சத்தம், சிவப்பு விளக்கு, தலைவிரி கோலம். சாமி வந்தவளுக்குப் பயிற்சி எதற்கு! பழிவாங்கும் பெண்ணைப் பற்றிய ஹாலிவுட் படமான ‘கில் பில்’ இரண்டாம் பாகம் (2004) பயிற்சிக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியது.

அந்தத் திறமை அவள் தொழிலிலிருந்தே வரலாம். எங்கள் பாம்பன் கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, மூச்சடக்கி மூழ்குகிறார்கள். அப்படி ஒருத்தி நாயகியானால் நீரோட்டமும் பாறையும் கயிற்று முடிச்சுமே ஆயுதம். சண்டைக்கான இடத்தை அவளே தேர்ந்தெடுப்பாள்; கழுத்தளவு தண்ணீரில் கால் ஊன்றாத ஆளின் உடல் பலம் எடுபடாது. தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தில் நாயகியைக் கத்தவிட்டுத் திரும்பும் படக்குழுக்கள், இப்பெண்களைப் பார்க்க வழியில் மண்டபம் ஊரிலும் வண்டியை நிறுத்தலாம்.

– திரைப்பட ஆர்வலர்கள் சிலர், பாம்பன்