பள்ளியின் பெயரைவிடக் குழந்தை முக்கியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்கப் பள்ளியில் ஒரு குழந்தைக்குப் பாலியல் தொந்தரவு நேர்ந்ததாகத் தெரியவரும்போது, பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சி, 'நாங்களே விசாரித்துக்கொள்கிறோம்' எனப் பெற்றோரைச் சமாதானப்படுத்தி அனுப்பும் போக்கு இன்னும் மறையாதது மிகுந்த வேதனை அளிக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதற்கு இடமே தரவில்லை. குற்றம் நடந்ததை அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. தம் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்கிறது 21ஆம் பிரிவு. புகார் உண்மைதானா என்று துப்புத் துலக்குவது தலைமையாசிரியரின் பணியன்று.

ஆறு வயதுக் குழந்தையிடம் நேர்ந்ததைச் சொல்லச் சொற்கள் இருப்பதில்லை. வயிற்றுவலி என்னும், பள்ளி வேண்டாம் என்று அழும், பழகிய ஒருவரைக் கண்டு ஒதுங்கும். இவற்றை அடம் என்று அதட்டாமல் அருகில் அமர்ந்து கேட்பதற்கு, ஆசிரியர்கள் மட்டுமன்றிச் சத்துணவுப் பணியாளர்களுக்கும் வேன் ஓட்டுநர்களுக்கும்கூடப் பயிற்சி தேவை. 1098 என்ற உதவி எண்ணைக் குழந்தையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒவ்வொரு வகுப்பறையிலும் எழுதி வைக்கவும், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் மேற்கண்ட பிரிவுகளைப் பெற்றோருக்குப் படித்து விளக்கவும் கல்வித்துறை ஆணையிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய், தஞ்சாவூர்