வீணாகும் சூட்டுக்கும் ஒரு குழாய் போடுங்கள்: பாலாற்றுப் படுகைச் சுத்திகரிப்பு நிலைய இயக்குநர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் இயக்குநர்களுக்கும் வணக்கம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகிற உங்களுக்கு எழுதுகிறேன். தோல் ஆலைகளில் பாய்லர் பார்ப்பதே என் பிழைப்பு. கேட்க வந்தது ஒன்றுதான். ஆவியாக்கி (உப்புநீரைக் கொதிக்க வைத்து வற்றச் செய்யும் கருவி) இருக்கும் நிலையங்கள் அதிலிருந்து காற்றில் விடுகிற சூட்டை, உறுப்பினர் ஆலைகளுக்கு வெந்நீராகக் குழாயில் அனுப்ப வேண்டும்.

மார்கழி விடியலில் உங்கள் கூலிங் டவர் பக்கம் போய் நின்று பாருங்கள். விசிறிக்கு மேலே வெள்ளை வெளேரென்று ஆவி எழும்பிக்கொண்டே இருக்கும். அதே நேரம் ஆலையில் நாங்கள் வேலிக்கருவை விறகைத் தள்ளி ஸ்டீம் ஏற்றிக்கொண்டிருப்போம். சாயம் போடும் டிரம்முக்கு 60 டிகிரியில் தண்ணீர் வேண்டும். அதற்காக ஸ்டீம் பைப்பை நேரே தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டுவிடுவோம். தொட்டி தடதடவென்று அதிரும், ஐந்தடி தள்ளி நின்றாலும் முகத்தில் வெக்கை அடிக்கும். அப்படிப் போன ஸ்டீம் பாய்லருக்குத் திரும்பி வராது. அடுத்த சுற்றுக்குப் பச்சைத் தண்ணீரைத்தான் ஏற்றியாக வேண்டும். ஒரு பக்கம் சூட்டைக் காசு கொடுத்து வெளியேற்றுகிறோம், கூப்பிடு தூரத்தில் அதே சூட்டைக் காசு கொடுத்து உண்டாக்குகிறோம்.

எவ்வளவு சூடு போகிறது என்று பார்ப்போம். ஆர்.ஓ. என்ற சவ்வு வடிகட்டி தள்ளிய உப்புநீரை ஆவியாக்கியில் பல கட்டங்களில் கொதிக்க வைக்கிறோம். முதல் கட்டத்து ஆவி இரண்டாம் கட்டத்தைச் சூடாக்கும், இரண்டாவது மூன்றாவதை. கடைசிக் கட்டத்து ஆவிக்குத்தான் போக்கிடம் இல்லை. வெற்றிடத்தில் 50, 55 டிகிரியில் வருகிற அதைக் கண்டன்சரில் குளிர வைத்து, அந்தச் சூட்டைக் கூலிங் டவர் வழியாக வெளியே விடுகிறோம். 50 டிகிரி என்றால் ஒன்றுக்கும் ஆகாத சூடு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த ஆவி ஒரு கிலோ தண்ணீராக மாறும்போது 560 கிலோ கலோரிக்கு மேல் விடுகிறது. 28 டிகிரியில் இருக்கும் 30 லிட்டர் தண்ணீரை 45 டிகிரிக்குக் கொண்டுவர அது போதும். டிரம்முக்கு 28லிருந்து 60 வரை ஏற வேண்டிய 32 டிகிரியில் 17 டிகிரி விறகில்லாமலே ஏறிவிடும். மிச்சத்தை மட்டும் ஸ்டீம் பார்த்துக்கொள்ளட்டும்.

அதே 45 டிகிரித் தண்ணீரைப் பாய்லருக்கும் கொடுக்கலாம். பாய்லருக்குப் போகும் தண்ணீர் 6 டிகிரி கூடினால் எரிபொருளில் சுமார் 1 சதவீதம் மிச்சம் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

நம் வீடுகளில் எரிகிற அடுப்போடு சேர்த்துக் கொடியடுப்பு வைத்தார்கள். அதற்கென்று தனி விறகு கிடையாது, ஆனால் வெந்நீர் தயாராக இருக்கும். குளிர் நாடுகளில் இதை ஊர் அளவுக்குச் செய்கிறார்கள். டென்மார்க் 1979லேயே இதற்கென்று வெப்ப விநியோகச் சட்டம் போட்டது. ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் கழிவுச்சூடு வீடுகளுக்குப் போகிறது. ஹாம்பர்க்கில் 2018 முதல் ஒரு செம்பு ஆலையின் சூடு ஹாஃபன்சிட்டியின் கிழக்குப் பகுதிக்குப் போகிறது. வேலூர் வெயிலில் நாம் வீட்டைச் சூடாக்கப் போவதில்லை. ஆனால் அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்று நமக்கும் பொருந்தும்: அனுப்பும் தண்ணீரின் சூட்டை எவ்வளவு குறைவாக வைக்கிறோமோ, அவ்வளவுக்குக் குழாயில் இழப்பு குறையும், கழிவுச்சூடும் அவ்வளவு அதிகமாகப் பயன்படும். நமக்கோ ஒரு வசதி கூடுதலாக இருக்கிறது. அங்கே தண்ணீர் வீடுகளுக்குப் போய்த் திரும்பி வர வேண்டும், அதனால் இரட்டைக் குழாய். இங்கே தண்ணீர் டிரம்மிலேயே செலவாகிவிடும், ஒற்றைக் குழாய் போதும்.

சுத்திகரித்த தண்ணீரைத் திருப்பித் தரும் குழாயிலேயே சூடாக அனுப்பலாமே என்று உங்கள் பொறியாளர் கேட்கலாம். வேண்டாம். ஊறல் தொட்டிக்கும் சுண்ணாம்புக்கும் சூடான தண்ணீர் போனால் தோல் கெட்டுவிடும். அது பச்சைத் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். ஆகவே வெந்நீருக்கு, வெப்பக்காப்பு போட்ட தனிக் குழாய். முதலில் நிலையத்துக்கு மிக அருகில், வெட் ப்ளூ (குரோமியத்தில் பதனிட்ட ஈரத் தோல்) வாங்கிச் சாயம் போடுகிற ஆலைகளாகப் பார்த்துக் கொடுங்கள். அவர்களுக்குத்தான் வெந்நீர்ச் செலவு அதிகம்.

தொல்லைகளும் உண்டு. இப்போதுள்ள கண்டன்சர், தண்ணீரை 45 வரை ஏற்றுவதற்கான பரப்போடு இருக்காது, கூட்ட வேண்டியிருக்கும். வெற்றிடம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆவியாக்கி ஓடும் நேரமும் டிரம் ஓடும் நேரமும் ஒன்றாக இருக்காது, நடுவில் ஒரு பெரிய வெந்நீர்த் தொட்டி தேவை. ஆவியாக்கி நின்றுபோனால்? ஆலை பாய்லர் அங்கேயேதான் இருக்கிறது, அன்றைக்கு விறகு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். புதிதாக ஆவியாக்கி வாங்கப் போகிறவர்கள் ஆவியையே அமுக்கித் திரும்பப் பயன்படுத்தும் எம்.வி.ஆர். வகையை முதலில் பார்க்கட்டும். நான் பேசுவது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவற்றைப் பற்றி.

இதை ஆலைகளிடம் கேட்காமல் உங்களிடம் கேட்கக் காரணம் இருக்கிறது. தனி ஆலை ஒன்று பக்கத்து ஆலைக்குச் சூடு விற்காது. நீங்களோ போட்டியாளர்களை ஒரே கம்பெனியில் பங்குதாரர்களாக உட்கார வைத்தவர்கள். வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் ‘மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும்’ என்று சொன்ன பிறகு, கழிவுநீரை அளந்து அதற்கேற்பக் கட்டணம் வாங்கும் பழக்கம் இங்கே ஊன்றிவிட்டது. அதே பில்லில் வெந்நீருக்கு ஒரு வரி சேர்வது புது விஷயமல்ல. எவ்வளவு தண்ணீர், எத்தனை டிகிரி என்று அளக்கும் வெப்ப மீட்டர் கடையில் கிடைக்கிற பொருள்.

ஆலைகள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் சூட்டைக் கொண்டு, சுத்திகரிப்பில் சேரும் கழிவுச் சேற்றை உலர்த்தவும் பாருங்கள். 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். குழம்பாக இருக்கும் சேற்றைத் தேக்கி வைப்பது எவ்வளவு ஆபத்து என்று நமக்குச் சொல்லித்தர வேறு யாரும் வர வேண்டியதில்லை. உலர்ந்த சேறு சுவரை அப்படித் தள்ளாது.

வேலை தெரிந்தவர்களைத் தேடி வெளியூர் போக வேண்டாம். அனல்மின் நிலையங்களில் புகையோடு போகும் சூட்டைப் பிடித்து உலைக் காற்றுக்குக் கொடுக்கும் ஏர் பிரீஹீட்டரை ராணிப்பேட்டை பெல் ஆலையில்தான் செய்கிறார்கள். அங்கே ஓய்வு பெற்றவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் குழாய் வாங்க வேண்டாம். கண்டன்சருக்குள் போகும் தண்ணீர் எத்தனை டிகிரி, வெளியே வருவது எத்தனை, மணிக்கு எவ்வளவு ஓடுகிறது என்று ஒரு மாதம் ஷிஃப்ட் வாரியாக நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அருகிலுள்ள ஆலைகளிடம் ஒரு நாளைக்கு எவ்வளவு வெந்நீர், எந்த நேரத்தில், எத்தனை டிகிரியில் தேவை என்று கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்தக் கணக்கை உறுப்பினர்கள் எல்லோரும் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஆலைப் பக்கம் அளவெடுக்க ஆள் வேண்டுமென்றால், எங்களைப் போன்ற பாய்லர் ஆட்கள் ஒவ்வொரு ஆலையிலும் இருக்கிறோம், கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஆம்பூர் தோல் ஆலை ஒன்றின் பாய்லர் ஆபரேட்டர்