கப்பைத் தேய்க்காதீர்கள், ஊறவையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கேரவன் பயணம் பற்றி நீங்கள் வெளியிடும் குறிப்புகளை விடாமல் படிக்கிறவள் நான். சென்ற இதழில், பிளாஸ்டிக் கப்பில் படிந்த டீக்கறையைக் கம்பி நாரால் அழுத்தித் தேய்க்கச் சொல்லியிருந்தீர்கள். அதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அப்படித் தேய்த்துத்தான் எங்களுடைய முதல் நான்கு கப்புகளும் பாழாயின.

தேய்த்த அன்றைக்குக் கப் பளிச்சென்றுதான் இருந்தது. இரண்டே நாளில் முன்பைவிடக் கறுப்பாகிவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. உள்பக்கம் முழுக்க மயிரிழை மாதிரிக் கீறல்கள், ஒவ்வொரு கீறலுக்குள்ளும் பழுப்புக் கோடு. அடியில் மட்டும் வட்ட வட்டமாக இருந்தவை, ஸ்பூனால் சர்க்கரை கலக்கும்போது விழுந்தவை. பீங்கானுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது. பிளாஸ்டிக்குக்கு அது கிடையாது, கீறினால் கீறியதுதான். மாயம் போலக் கறையை எடுக்கிற அந்த வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சும் மிக நைஸான உப்புத்தாள் போலத்தான் வேலை செய்கிறது. எப்போதாவது ஒரு தரம் என்றால் சரி, தினமும் வேண்டாம்.

டீக்கு நிறமும் துவர்ப்பும் தருகிற பாலிஃபீனால்கள்தான் இந்தக் கறை. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் இருந்தால் அதோடு சேர்ந்து, ஆறின டீயின் மேலே ஆடை மாதிரி மிதந்து, கப்பின் ஓரத்தில் வளையமாக ஒட்டிக்கொள்ளும். கேரவனில் இது இன்னும் மோசம். தொட்டித் தண்ணீரை அளந்து செலவழிக்கிறோம் என்பதால் காலையில் குடித்த கப் சாயங்காலம் வரை கழுவாமல் கிடக்கும். காய்ந்த கறை காற்றுப் பட்டுப் பட்டு இறுகிவிடும்.

சரி, என்ன செய்யலாம்? நான் நம்புவது சோடியம் பெர்கார்பனேட். துணிக்கறை நீக்க ‘ஆக்சிஜன் ப்ளீச்’ என்று விற்கிற வெள்ளைத் தூள்தான் அது. வாசனையும் நிறமும் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீரில் போட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சலவைச் சோடாவுமாகப் பிரியும். பெராக்சைடு கறையின் நிறத்தை அழிக்கும், சோடா அதை இளக்கிவிடும். பச்சைத் தண்ணீரில் மெதுவாகத்தான் வேலை செய்யும், சூடு வேண்டும். கெட்டிலில் கொதித்த தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய 60 டிகிரி வரும், அது போதும். அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் தூள் போட்டு, சின்னப் பேசினில் கப்புகளைப் படுக்கவைத்து மூழ்க விடுங்கள். கறை இருக்கிற இடத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். ஒரு மணி நேரம் கழித்து விரலால் தடவினாலே போய்விடும். அப்புறம் நல்ல தண்ணீரில் நன்றாக அலசிவிடுங்கள். ஊறவைத்த தண்ணீரிலேயே ஸ்பூன்களையும் டீ வடிகட்டியையும் போட்டுவிடுவேன், தண்ணீர் மிச்சம். ஆனால் அலுமினியப் பாத்திரம் மட்டும் அதில் படக்கூடாது, கறுத்துவிடும். மீந்த கரைசலை இறுக மூடிய பாட்டிலில் எடுத்துவைக்கவும் கூடாது. ஆக்சிஜன் கிளம்பிக்கொண்டே இருக்கும், பாட்டில் வெடிக்கலாம்.

தூள் கையில் இல்லையென்றால் பல்செட் சுத்தம் செய்கிற மாத்திரை ஒன்று போதும், அதுவும் ஏறக்குறைய இதே வேலைதான். அதுவும் இல்லையா, சமையல் சோடாவை ஈரத் துணியில் தொட்டு மெல்லத் துடையுங்கள். கண்ணாடி மாதிரி இருக்கிற பாலிகார்பனேட் கப்புக்கும் இதுதான் நல்லது, சலவைச் சோடா போன்ற காரத்தில் நெடுநேரம் ஊறினால் அந்த வகை பிளாஸ்டிக் கெட்டுப்போகும். ஓரத்து வளையம் சுண்ணாம்பு மாதிரி சொரசொரப்பாக இருந்தால், முதலில் சிட்ரிக் ஆசிட் அல்லது வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவையுங்கள். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டிப் பொங்கவைப்பதில் பலனில்லை, ஒன்றின் வீரியத்தை மற்றொன்று அடித்துவிடும்.

கழிவறைக்குப் போடுகிற குளோரின் ப்ளீச் மட்டும் வேண்டவே வேண்டாம். பீங்கான் மாதிரி இருக்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கான மெலமைன் கப்பின் வழவழப்பை அது அரித்துவிடும், பிறகு கறை இன்னும் சீக்கிரம் பிடிக்கும். அதோடு வினிகர் கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். கேரவன் போன்ற சின்ன, அடைத்த இடத்தில் அது உயிருக்கே ஆபத்து. இந்த ஒரு எச்சரிக்கையையாவது அடுத்த இதழில் கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்போது எங்கள் வண்டியில் ஒரே ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். டீ குடித்து முடித்ததும் கப்பில் ஒரு வாய் தண்ணீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுவோம். அதற்கே கறை பாதியாகக் குறைந்திருக்கிறது. பெர்கார்பனேட் டப்பாவை மாதத்துக்கு ஒரு தரம் திறந்தால் போதும்.

அன்புடன்,
ஒரு வாசகி